அடிமரம் யாருக்குச் சொந்தம்? வறண்ட நிலச் சிறு விவசாயிகளும் மாறிவரும் பருவமும்

நம் தென் மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களில் பணிபுரியும் ஆயர்களுக்குப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தவறாமல் வரும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "ஐயா, மழைக்காக ஜெபம் பண்ணுங்க" என்பதே அது. முன்னெல்லாம் இதன் பொருள் எளிதாயிருந்தது. மழை வரவேண்டும், அவ்வளவே. இப்பொழுதோ கேட்கிறவர் சற்றுத் தயங்கி, "அளவாப் பெய்யணும், ஐயா" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அவ்வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையையும் மிஞ்சிய அளவு அது. அதைக் கண்டவர்கள் வேறெப்படிக் கேட்பார்கள்? அதே விவசாயி வேறோர் ஆண்டில், விதைத்த விதை முளைக்க வழியின்றி மண்ணுக்குள்ளேயே கெட்டுப்போகவும் கண்டவர். பருவநிலை மாற்றம் என்று அறிஞர் பேசுவது அவருடைய அனுபவத்தில் நம்பி விதைக்க ஒரு நாள் இல்லாமற்போவதாகும்.

ஜெபத்திற்குப் பின் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் இரண்டு காரியங்கள். பஞ்சம் வந்தால் அரிசி வழங்குகிறோம். பஞ்சம் வராத ஆண்டுகளில் மரக்கன்று நடுகிறோம். இரண்டாவதைப் பற்றி நமக்கே ஓர் அனுபவம் உண்டு. ஒரு சேகரத்தில் ஜூன் 5ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, ஆலய வளாகத்திலும் ஊர்ப் பொது நிலத்திலும் வாலிபர் சங்கத்தாருடன் கன்றுகள் நட்டோம். ஜெபமும் புகைப்படமும் முறையாக நடந்தன. அடுத்த பங்குனியில் போய்ப் பார்த்தபோது கன்றுகளுக்குக் காவலாக நட்ட முட்கம்புகள் மட்டுமே நின்றன. வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள நிலத்தில், மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கையில், காற்றும் வெயிலும் உச்சத்திலிருக்கும் ஆனி மாதத்தை ஒட்டி எவரேனும் கன்று நடுவாரா? அவ்வூர்ப் பெரியவர் எவரையும் நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இதே தவற்றைப் பன்மடங்கு பெரிய அளவில் செய்து, அதிலிருந்து கற்றுக்கொண்ட ஓரிடத்தைப் பற்றி ஆயர்களும் இறையியல் மாணவர்களும் அறிந்திருப்பது நலம். அது மேற்கு ஆப்பிரிக்காவில், சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள நைஜர் என்னும் நாடு. தெற்கே உள்ள நைஜீரியாவோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. நைஜரை நாம் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. அங்குள்ள சிறு விவசாயியின் முதற்பயிர் நம் கரிசற்காட்டு விவசாயி அறிந்த கம்புதான். அதனோடு சோளமும் தட்டைப்பயறும் நிலக்கடலையும் கலந்து விதைக்கிறார். பாசனம் பெரும்பாலும் கிடையாது. அன்றியும், அங்கு நிகழ்ந்த மாற்றம் ஒரு கிறிஸ்தவ மிஷனின் தோல்வியிலிருந்து தொடங்கியது.

மராடியில் நிகழ்ந்தது

நைஜரின் தெற்கிலுள்ள மராடிப் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 400 முதல் 600 மி.மீ. வரை. அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். 1968 முதல் 1973 வரை சாஹெல் என்னும் அவ்வறண்ட பட்டை முழுவதையும் பஞ்சம் வாட்டியது. கால்நடைகள் மாண்டன, மக்கள் இடம்பெயர்ந்தனர். பாலைவனம் தெற்கு நோக்கி நகர்கிறது என்ற அச்சம் உலகெங்கும் பேசப்பட்டது. அதன் விளைவாக மரம் நடும் திட்டங்கள் பல வந்தன. அவற்றுள் சில பயன் தந்ததையும் சொல்லவேண்டும். 1975ஆம் ஆண்டு தொடங்கி மஜ்ஜியாப் பள்ளத்தாக்கில் காற்றுத் தடுப்பாக நடப்பட்ட மரவரிசைகள் வளர்ந்து நின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வேம்பு, அதாவது நம் நாட்டிலிருந்து அங்கே சென்ற மரம். ஆயினும் பொதுவாக நாற்றங்காலில் வளர்த்து வயலில் கொண்டுபோய் நட்ட கன்றுகள் வெயிலிலும் வறட்சியிலும் ஆட்டின் வாயிலும் அழிந்தன.

டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் அறிஞர் 1981ஆம் ஆண்டில் மராடிக்கு வந்தார். சூடான் உள்நாட்டு மிஷன் என்று முன்னர் அழைக்கப்பட்ட அமைப்பின் ஊழியராக அவர் வந்தார். அம்மிஷன் 1920களிலிருந்தே நைஜரில் பணியாற்றி வந்தது. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை மரம் நடுவது. அவரும் ஆண்டுதோறும் நட்டார். நட்டவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. விவசாயிகளுக்கோ அதில் அக்கறை இல்லை. உண்ணத் தானியம் இல்லாதவனிடம் மரத்தைப் பற்றி ஏன் பேசுகிறீர் என்பது அவர்கள் கேள்வி.

1983ஆம் ஆண்டில் ஒரு நாள், கன்றுகளை ஏற்றிக்கொண்டு செல்லும் வழியில், மணலில் புதையாதிருக்கும்படி வண்டிச் சக்கரங்களின் காற்றைக் குறைப்பதற்காக ரினாடோ இறங்கினார். சுற்றிலும் வெற்று வெளி. இவ்வேலையைத் தொடர்வதா என்ற சோர்வோடு, செய்த தவறுகளை மன்னித்து வழிகாட்டும்படி ஜெபித்ததாக அவரே கூறியிருக்கிறார். அப்போது, அதுவரை பலநூறு முறை கடந்துபோயிருந்த புதர் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அருகே போய் இலையைப் பார்த்தார். அது புதர் அன்று. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர். இப்படிப்பட்ட அடிக்கட்டைகள் அவ்வயல்களெங்கும் மண்ணுக்குள் இருந்தன. விவசாயிகள் ஒவ்வோராண்டும் விதைப்புக்கு முன் இத்துளிர்களைக் களை என்று எண்ணி அறுத்து எரித்துவந்தனர். வேர்களோ சாகாமல் மறுபடியும் துளிர்விட்டன. காடு அழிந்துவிட்டது என்று எல்லோரும் புலம்பிய நிலத்தின் அடியில் ஒரு காடு உயிரோடிருந்தது.

இவ்விடத்தில் வேதபாடம் கற்பிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அடிமரத்தைக் குறிக்கும் 'கெஸா' என்ற எபிரேயச் சொல் பழைய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது: யோபு 14ஆம் அதிகாரம், ஏசாயா 11ஆம் அதிகாரம், ஏசாயா 40ஆம் அதிகாரம். நாம் பிரசங்கத்தில் எடுத்தாள்வது பெரும்பாலும் ஈசாயின் அடிமரத்தைத்தான். ஆனால் மண்ணுக்குள் வேர் பழமையாகி, கட்டை செத்ததுபோலக் கிடந்தும், நீரின் வாசனை பட்டவுடன் துளிர்ப்பதைக் கண்ணால் கண்டவராகப் பேசுகிறவர் யோபு. அதுவும் ஆறுதலாக அவர் பேசவில்லை. மரத்துக்கு உள்ள நம்பிக்கை மனிதனுக்கு இல்லையே என்ற முறையீடாகப் பேசுகிறார். அம்முறையீட்டை விட்டுவிட்டு முதற்பாதியை மட்டும் வாசிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மராடியின் கதையை வாசிக்கும்போதும் அத்தவறு நேரக்கூடும் என்பதால் இதனைச் சொல்லிவைக்கிறோம்.

வேலை முறை மிக எளியது. பணச் செலவும் ஏறக்குறைய இல்லை. விவசாயி தம் வயலிலுள்ள அடிக்கட்டைகளுள் எவற்றை விடுவது என்று தாமே முடிவு செய்கிறார். ஒரு கட்டையிலிருந்து இருபது, முப்பது துளிர்கள் கிளம்பலாம். அவற்றுள் நேரானவையும் உயரமானவையுமான நாலைந்தை மட்டும் விட்டு மற்றவற்றை அறுத்துவிடுகிறார். விட்ட தண்டுகளின் கீழ்ப்பாதியிலுள்ள பக்கக் கிளைகளைக் கழிக்கிறார். பின்பு சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து புதிய துளிர்களைக் கழித்துவிடுகிறார். ஆண்டுக்கு ஒரு தண்டை விறகுக்கும் கழிக்கும் வெட்டிக்கொண்டு, அதற்கு ஈடாக இன்னொன்றை வளரவிடலாம். கரும்பிலும் சோளத்திலும் மறுதாம்பு விடுவதை அறிந்த நமக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. நாற்றங்கால் வேண்டாம், குழி தோண்ட வேண்டாம், குடத்தில் நீர் சுமக்க வேண்டாம். ஆழத்தில் ஈரத்தைத் தேடிச் சென்றுவிட்ட வேர் ஏற்கெனவே இருப்பதால், கன்று ஐந்தாண்டில் எட்டாத உயரத்தைத் துளிர் விரைவில் எட்டிவிடுகிறது.

பயிருக்கு இதனால் என்ன நன்மை? மராடியில் விதைப்பு காலத்தில் வீசும் காற்று மணலை வாரியடிக்கும். இளம் பயிர் மணலில் புதையும், அல்லது மணல் உரசிக் கிழியும். நண்பகலில் மணற்பரப்பின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதுண்டு. ஆகவே விவசாயி ஒரே பருவத்தில் மூன்று, நான்கு முறை மறுவிதைப்பு செய்ய நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் போவது வீட்டிலுள்ள உணவுத் தானியம். வயலில் ஆங்காங்கே மரங்கள் நின்றபோது காற்றின் வேகம் தணிந்தது. முதல் விதைப்பே நிலைத்தது. உதிர்ந்த இலை எருவாயிற்று. நிழலுக்கு ஒதுங்கிய ஆடுமாடுகள் சாணத்தை வயலிலேயே விட்டன. அப்பகுதி மக்கள் 'காவோ' என்றழைக்கும் வேலமர இனம் ஒன்று உண்டு. அது மழைக்காலத்தில் இலையுதிர்ந்து நிற்கும், கோடையில் தழைக்கும். பயிருக்கு வெயில் வேண்டிய காலத்தில் நிழல் செய்யாது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். கோடையில் அதன் காய்கள் கால்நடைக்குத் தீவனமாகும். அதனடியில் விளையும் கம்பு, திறந்த வெளியில் விளைவதைக் காட்டிலும் செழிப்பாயிருப்பதை விவசாயிகள் தலைமுறைகளாக அறிந்திருந்தனர்.

மழை பொய்க்கும் ஆண்டில்தான் இதன் முழு மதிப்பு வெளிப்படும். கம்பு கருகிவிட்டாலும் மரம் நிற்கிறது. அதன் கிளையை விற்றுத் தானியம் வாங்கலாம். இலையையும் காயையும் கால்நடைக்குப் போட்டு, அதனை அடிமாட்டு விலைக்கு விற்காமல் காப்பாற்றலாம். 2004, 2005ஆம் ஆண்டுகளில் நைஜரில் உணவு நெருக்கடி ஏற்பட்டபோது, மரங்களைக் காத்த கிராமங்களில் சில அவ்வாறே தாக்குப்பிடித்தன என்று ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். பருவநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைத்தல் என்று நாம் படிக்கும் பெரிய சொற்றொடரின் சாரம் இங்கே இருக்கிறது என்று எண்ணுகிறோம். மழை எந்நாள் வரும் என்பதைச் சிறு விவசாயியால் மாற்ற இயலாது. ஒரே விளைச்சலை, ஒரே மாதத்தை நம்பியிருக்கும் நிலையை அவரால் மாற்ற இயலும்.

நிவாரணமும் சட்டமும்

இக்கதை இத்துடன் முடிந்திருந்தால் பிரசங்கத்துக்கு ஏற்ற உவமையாயிருக்கும். ஆனால் இடையில் நடந்தவையே நமக்கு மிகுதியும் பயன்படுவன.

ரினாடோ சொன்னதை முதலில் நம்பியவர்கள் பத்துப் பேரளவில்தான். வயலைச் சுத்தமாக வைத்திருப்பவனே நல்ல விவசாயி என்று கருதிய ஊரில் அவர்கள் கேலிக்குள்ளாயினர். அவர்கள் காத்த தண்டுகளையும் விறகுக்காகப் பிறர் வெட்டிக்கொண்டு போயினர். 1984ஆம் ஆண்டில் மறுபடியும் கடும் பஞ்சம் வந்தது. மிஷன் உணவு வழங்கியது. அதற்கு ஈடாக விவசாயிகள் தம் வயல்களில் துளிர்களைக் காக்கவேண்டும் என்று வைத்தது. 95 கிராமங்களில் ஏறத்தாழ 5 இலட்சம் மரங்கள் காக்கப்பட்டன. உணவு வழங்குதல் நின்றவுடன் அவற்றுள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டப்பட்டன.

நிவாரணப் பணியில் ஈடுபடும் சபைகள் இதனைப் பலமுறை சிந்திக்கவேண்டும். அரிசி மூட்டைக்காக நட்ட மரம் அரிசி மூட்டையோடு போய்விடும். விவசாயிக்கு அம்மரம் மிஷனுடைய மரம். கூலி தீர்ந்தது, வேலையும் தீர்ந்தது. எனினும், ஓராண்டுக் காலம் ஒரு வட்டாரம் முழுவதும் மரங்களுக்கிடையே பயிர் செய்து பார்த்தது வீண்போகவில்லை. மரம் நின்ற வயலில் கம்பு கெடவில்லை என்பதைப் பலர் கண்டுவிட்டனர். பிறகு கூலியின்றியும் மிஷன் ஊழியர் வராமலும் அப்பழக்கம் விவசாயியிடமிருந்து விவசாயிக்குப் பரவியது.

அது பரவுவதற்குத் தடையாயிருந்த இன்னொரு காரியம் சட்டம். பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சி 1935ஆம் ஆண்டில் பிறப்பித்த வன ஆணையின் வழிவந்த விதிகள் 1960இல் நாடு விடுதலையடைந்த பின்னும் தொடர்ந்தன. அவற்றின்படி, விவசாயியின் சொந்த வயலில் நிற்கும் மரத்தின்மேலும் அதிகாரம் அரசுக்கே. அனுமதியின்றி வெட்டினால் வன அலுவலர் அபராதம் விதிப்பார். காட்டைக் காக்கவென்று வந்த இவ்விதி காட்டை அழித்தது. எவ்வாறெனில், வளர்ந்த மரம் விவசாயிக்கு ஆபத்து. ஆகவே அது மரம் என்று பெயர்பெறுமுன், விரற்கடை அளவில் இருக்கும்போதே, அறுத்துவிடுவது அவருக்குப் பாதுகாப்பு. 1980களின் நடுவில் மராடியின் வன அலுவலர்கள், தாம் காத்த மரத்தை விவசாயி வெட்டிக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்த இசைந்தனர். 1993ஆம் ஆண்டின் ஊரகச் சட்டமும் 2004ஆம் ஆண்டின் வனச் சட்டமும் அவ்வழியில் மேலும் சென்றன. 2020ஆம் ஆண்டில் இம்முறையில் வளர்த்த மரங்களைப் பற்றிய தனி அரசாணையே வெளிவந்தது. மரம் தன்னுடையது என்று விவசாயி நம்பத் தொடங்கிய பிறகே மரங்கள் பெருகின.

எவ்வளவு பெருகின என்பது 2000களில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. கிறிஸ் ரை என்ற நெதர்லாந்து அறிஞரும், அமெரிக்க நிலவியல் அளவைத்துறையைச் சார்ந்த கிரே தாப்பனும், நைஜர் வனவியலறிஞர் மகமானே லார்வானுவும் பழைய வான்வழிப் படங்களைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டும், ஊர்தோறும் நடந்து பார்த்தும் ஆராய்ந்தனர். மராடி, சிந்தர் பகுதிகளில் ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்கள் பெருகியிருந்தன. அவற்றின் எண்ணிக்கை 20 கோடி என்று மதிப்பிடப்பட்டது. ஆண்டுக்கு 5 இலட்சம் டன் தானியம் கூடுதலாக விளைவதற்கு இது காரணம் என்றும் கணக்கிட்டனர். 1980களின் வறட்சிக்குப் பின் மழை ஓரளவு மீண்டதும் ஒரு காரணம் அல்லவா என்று கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் எல்லைக்குத் தெற்கே, அதே மண்ணும் சற்று மிகுதியான மழையும் உள்ள நைஜீரியப் பகுதியில் இவ்வளவு மரங்கள் காணப்படவில்லை. ஆகவே மழை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இவ்விவசாயிகள் ஏறக்குறைய எல்லோரும் இசுலாமியர். மிஷனின் அறிக்கைகளில் ஞானஸ்நானக் கணக்காக எழுதத்தக்கது எதுவும் இதில் இல்லை. மிஷனின் பெயரே பல ஊர்களில் மறந்துபோயிற்று. ஊழியத்தின் பலனை எவ்வாறு அளப்பது என்று மிஷன் வரலாற்று வகுப்புகளில் நாம் விவாதிக்கும்போது இதனையும் மேசைமேல் வைக்கவேண்டும்.

யாதெங்காவின் குழிகள்

நைஜருக்கு மேற்கே உள்ள புர்கினா ஃபாசோ நாட்டின் யாதெங்காப் பகுதியில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். அங்கே அடிக்கட்டைகூட இல்லாத நிலங்கள் இருந்தன. மேற்பரப்பு ஓடுபோல இறுகி, பெய்த மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடும். குர்ஆன் பள்ளியில் பயின்றவரும், சந்தையில் வாணிகம் செய்தவருமான யாகூபா சவாடோகோ 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலத்துக்குத் திரும்பினார். 'ஸாய்' என்று முன்னோர் தோண்டிய சிறு குழிகளை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் தோண்டி, மழைக்கு முன்பே, கோடையிலேயே, அவற்றில் எருவிட்டார். எருவைத் தேடிக் கறையான் வந்தது. கறையான் துளைத்த வழியே நீர் இறங்கியது. குழியில் விதைத்த சோளத்தோடு எருவிலிருந்த மரவிதைகளும் முளைத்தன. அவற்றையும் அவர் விட்டுவைத்தார். கோடையில் வயலைக் கொத்துகிறவன் பைத்தியக்காரன் என்று ஊரார் பேசினர்; அவர் வளர்த்த தோப்புக்குத் தீயும் வைக்கப்பட்டது. பின்பு அவர்களே விதை வாங்கவும் முறையைக் கற்கவும் அவரிடம் வந்தனர். இது எளிய வேலை என்று எவரும் எண்ணவேண்டாம். ஒரு ஹெக்டேரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழிகள். பல நூறு மணி நேர உழைப்பு. ஆள்பலமில்லாத விதவைக்கு இது எட்டாது.

அதே யாதெங்காவில் ஆக்ஸ்ஃபாம் 1979ஆம் ஆண்டில் தொடங்கிய மரம் நடும் திட்டம், விவசாயிகள் மரத்தைவிடச் சோளமே வேண்டுமென்று சொன்னதால், கல்வரப்புத் திட்டமாக மாறியது. சமமட்டத்தில் கற்களை வரிசையாக அடுக்கினால் ஓடும் நீர் வேகம் குறைந்து மண்ணில் இறங்கும். மட்டம் பார்ப்பதற்கு, நம் கொத்தனார்கள் கடைக்கால் போடும்போது பயன்படுத்துவதைப் போன்ற நீர் நிரப்பிய குழாயையே கற்றுக்கொடுத்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டனர். 1982 முதல் சாஹெலில் மிகக் கடும் புயல்மழைகளின் எண்ணிக்கை மும்மடங்காகியுள்ளது என்று 2017ஆம் ஆண்டில் வெளிவந்த செயற்கைக்கோள் ஆய்வு கூறுகிறது. மழை இல்லாமைக்கும் மழை மிகுதிக்கும் ஒருசேர ஈடுகொடுக்கவேண்டிய காலத்தில் இக்கல்வரிசைகளின் மதிப்பு கூடியிருக்கிறது.

சவாடோகோவும் ரினாடோவும் 2018ஆம் ஆண்டில் மாற்று நோபல் என்றழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றவர்களுள் இருந்தனர். சவாடோகோ 2023ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். அவர் தோப்பின் ஒரு பகுதி, அவர் உயிரோடிருக்கையிலேயே, நகர விரிவாக்கத்துக்காக மனைகளாகப் பிரிக்கப்பட்டது. நாற்பதாண்டு உழைத்தவனுக்கும் நிலத்தின்மேல் உறுதியான உரிமை இல்லை.

நம் நிலம், நம் குத்தகை

இவற்றை நம் நாட்டில் அப்படியே பின்பற்ற இயலுமா? இயலாது. மராடியில் விவசாயி கையால் கொத்துகிறார். அடிக்கட்டையைச் சுற்றிக்கொண்டு போகிறார். கோவில்பட்டிக் கரிசலில் உழுவது டிராக்டர். அது கட்டையை வேரோடு பெயர்த்துவிடும். நம் நிலத்தில் தானே துளிர்ப்பவற்றுள் சீமைக்கருவேல் முந்திக்கொள்ளும். அதனைக் காக்கச் சொன்னால் விவசாயி நம்மை ஊரைவிட்டே அனுப்பிவிடுவார். ஆயினும் வரப்போரங்களிலும் ஊருணிக்கரைகளிலும் தரிசுகளிலும் வேம்பும் வெள்வேலும் இலந்தையும் ஆண்டுதோறும் துளிர்த்து ஆண்டுதோறும் ஆட்டுக்கும் அரிவாளுக்கும் இரையாவதை நடந்துபோகிற எவரும் காணலாம். கண்மாய்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அது தனிக் கட்டுரையாகும்.

சட்டத்தைப் பொறுத்தவரை நமக்கும் மராடியைப் போன்ற அனுபவம் உண்டு. பட்டா நிலத்தில் நின்றாலும் சந்தன மரம் அரசுக்கே உரியது என்று விதி இருந்த காலத்தில், தானே முளைத்த சந்தனக் கன்றைக் கண்டும் காணாததுபோல் பிடுங்கிவிடுவது விவசாயியின் விவேகமாயிருந்தது. தமிழ்நாட்டில் 2002ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பிறகே வளர்ப்பவருக்கு அதில் உரிமை கிடைத்தது.

இங்கே நம்மையும் ஒரு கேள்வி தொடுகிறது. நம் திருச்சபைகள் பல மிஷனரிகள் காலத்திலிருந்தே நிலவுடைமையாளர்கள். அந்நிலங்களை உழுகிறவர்கள் யார்? பல இடங்களில் அதே சபையின் ஏழைக் குடும்பங்கள், குத்தகைதாரர்களாக. நாம் அறிந்த சில சேகரங்களில் குத்தகை ஆண்டுக்கு ஆண்டு ஏலத்தில் விடப்படுகிறது. அதிகத் தொகை சொல்கிறவருக்கு நிலம் போகிறது. அடுத்த சித்திரையில் நிலம் தன் கையில் இருக்குமா என்று அறியாதவர் எவ்வாறு ஒரு துளிரை விட்டுவைப்பார்? கல்வரப்பு யாருக்காக அடுக்குவார்? எருவை ஏன் விலைகொடுத்து வாங்கி விடுவார்? அவ்வாறான குத்தகைச் சீட்டுகளில் நாம் பார்த்தவை சிலவற்றில், நிலத்திலுள்ள மரங்களில் குத்தகைதாரருக்கு எவ்வித உரிமையும் இல்லை என்ற வாசகம் தவறாமல் இருந்தது. 1935ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையை நாம் குறைகூறுவது எளிது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வளிமண்டலத்தில் கரியமில வாயுவை மிகுதியாகச் சேர்த்தவர்கள் மராடியின் கம்பு விவசாயிகளோ நம் விளாத்திகுளம், முதுகுளத்தூர் விவசாயிகளோ அல்லர். அவர்களிடம் போய், மாறிக்கொள்ளுங்கள், தகவமைத்துக்கொள்ளுங்கள் என்று போதிப்பதில் ஒரு கூச்சம் நமக்கு இருக்கவேண்டும். யோபின் முறையீட்டை இங்கே மறக்கலாகாது. தகவமைத்தல் பற்றிய அறிவை விவசாயியோடு பகிர்ந்துகொள்வதும், தீங்கு செய்தவர்கள் ஈடு கொடுக்கவேண்டுமென்று வாதாடுவதும் ஒரே ஊழியத்தின் இரு கைகள். முதலாவதைச் செய்வதால் இரண்டாவதிலிருந்து நாம் விடுபடுவதில்லை.

கிராமப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்களை நாம் இப்போது கேட்டுக்கொள்வது இவ்வளவே. பங்குனி, சித்திரையில், நிலம் வெறுமையாய்க் கிடக்கும் காலத்தில், ஊர்ப் பெரியவர் ஒருவரோடும் விறகு பொறுக்கும் பெண்கள் சிலரோடும் சபையின் நிலத்தைச் சுற்றி வாருங்கள். எங்கெங்கே எந்தக் கட்டை உயிரோடிருக்கிறது என்று அவர்களைக் காட்டச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சேகர அலுவலகத்துக்குப் போய்க் குத்தகைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். மரத்தைப் பற்றிய வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவ்விரண்டு தாள்களையும் சேகர மன்றக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கன்றுகளைப் பிறகு வாங்கலாம்.